பதம் சொல்லும் மூடி

ஜூன் 5, வியாழன்

கண்காட்சியில் கடை ஒதுக்கிவிட்டார்கள். மூன்றாவது அரங்கு, கடைசி வரிசை, ஒரு தூணுக்குப் பக்கத்தில். அப்பா தன் கடைசல் பட்டறையிலிருந்து அப்படியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தூண் இருப்பது நல்லதுதான், கால் வலித்தால் சாய்ந்து நிற்கலாம் என்றார். அவருக்கு எல்லாமே நல்லதுதான்.

தட்டிக்கு வாசகம் கேட்டிருந்தார்கள். "பதம்: இட்லி மாவு எப்போது தயார் என்று சொல்லும் மூடி" என்று எழுதினேன். கீழே இன்னொரு வரி வேண்டுமாம். அலமாரி வளையும் அளவுக்குப் புத்தகம் படித்தவளுக்கு அந்த ஒரு வரி வரவில்லை. அப்பாவிடம் கேட்டேன். "வேலைக்குப் போகும் பெண்களின் தோழின்னு போடு கண்ணு" என்றார். போட்டுவிட்டேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் நான் அதற்காக அதைச் செய்யவில்லை.

போன வருடம் அக்காவின் பிரசவத்துக்கு அம்மா பெங்களூர் போனாள். அக்கா வேலைக்குத் திரும்பியதும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அங்கேயே தங்கிவிட்டாள். எங்கள் தெருவுக்கு அம்மா விற்றுவந்த இட்லி மாவு என் தலையில் வந்தது. நானும் ஆட்டினேன், கரைத்தேன், விற்றேன். சில வீடுகளிலிருந்து மாவு திரும்பி வந்தது. கெட்டுப்போனதைக் கொடுத்திருக்கிறேனாம். அதற்குப் பிறகுதான் இந்த மூடி. மாவு பொங்கும்போது எழும் ஆவி மூடியின் உட்பக்கத்தில் இருக்கும் ஊசித் துளைகள் வழியாக ஒரு சென்சாரைத் தொடும். மஞ்சள் விளக்கு எரிந்தால் இன்னும் ஆகவில்லை. பச்சை என்றால் பதம். சிவப்பு என்றால் கெட்டது. பம்பு கம்பெனியில் மின்சாதனங்களைச் சோதிக்கும் வேலையில் இருந்தபோது கற்றதையெல்லாம் இதற்குள் போட்டேன். பிறகு அந்த வேலையையும் விட்டேன்.

ஓசூரில் ஒரு கம்பெனி வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது, இருபத்து மூன்றாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்கும் அப்பாவுக்கும் ஒப்பந்தம் இதுதான்: கண்காட்சியில் ஓர் ஆர்டராவது வந்தால் நான் இங்கேயே இருந்து மூடி செய்வேன். வராவிட்டால் ஓசூர்.

ஜூன் 8, ஞாயிறு

காலையில் அரிசி, உளுந்து ஊறப்போட்டேன். துணி துவைத்தேன். மதியம் ஒரு பழைய நாவலை எடுத்து உட்கார்ந்தேன், ஓடவில்லை. ஏனோ எல்லா நாவலிலும் யாராவது ஒருவர் ஒரு வாசனையைப் பிடித்துக்கொண்டு இளமைக்குப் போய்விடுகிறார். அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் படிக்கிறேன். தள்ளித் தள்ளி, கதையில் யார் எதற்கு அழுகிறார்கள் என்றே தெரியாமல் போய்விட்டது.

அப்பாவுக்குப் புதுப் பழக்கம் ஒன்று வந்திருக்கிறது. சமையலறைப் பக்கம் போனால் அடுப்பின் குமிழ்களைத் தொட்டுப் பார்க்காமல் திரும்ப மாட்டார். நான் சமைத்துக்கொண்டிருக்கும்போதே வந்து பார்க்கிறார். சில மாதங்களாகவே இப்படி. என்மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்டேன். "வயசாகுதல்ல, கை சும்மா இருக்கறதில்ல" என்றார்.

ஜூன் 11, புதன்

அப்பா கடைசல் முடித்து மூன்று மூடிகளையும் கொண்டுவந்தார். துருப்பிடிக்காத எஃகு, ஓரம் விரலை வழுக்கிக்கொண்டு போகிறது. பெரியது அண்டாவுக்கு, மற்றவை வீட்டுப் பாத்திரத்துக்கு. பிழை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் கொஞ்சம் அமைதியாக இருந்திருக்கும்.

பொட்டு விஷயத்தில் ஒரு சின்னச் சண்டை. புது மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைக்காமல் சுவிட்சைத் தொடக்கூடாது என்பது அவர் பட்டறையின் சட்டம். அங்கே கடைசல் இயந்திரம் முதல் மேஜை மின்விசிறி வரை எல்லாவற்றுக்கும் நெற்றி இருக்கிறது. நான் முடியாது என்றேன். விளக்குகளுக்கு மேலே ஒளி ஊடுருவும் ஒரு பட்டை இருக்கிறது, அதில் குங்குமம் பட்டால் வந்து பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியும் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். "சரி, மேல வெக்கல" என்றார்.

ஜூன் 13, வெள்ளி

முதல் நாள்.

காலை முழுக்க யாரும் நிற்கவில்லை. எங்களுக்கு எதிரே பெரிய கிரைண்டர் கம்பெனி ஒன்று சுடச்சுட வடை போட்டுக் கொடுத்தது. அத்தனை கூட்டமும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வடை தின்றது. பக்கத்துக் கடை ஜரீனா ஈரோட்டுப் பெண். உணவுப் பொட்டலங்களை ஒட்டும் மெஷின் விற்கிறாள். என்னைவிட இளையவள், ஆனால் பத்துக் கண்காட்சி பார்த்தவள் மாதிரிப் பேசுகிறாள். "அக்கா, நீங்க கையைக் கட்டிட்டு நிக்கறீங்க. பரீட்சை ஹாலுக்கு வந்த டீச்சர்னு நெனச்சுப் பயந்துட்டுப் போறாங்க" என்றாள். கையைப் பிரித்தேன். பிரித்த கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மதியத்துக்கு மேல் தனசேகர் என்று ஒருவர் வந்தார். பொள்ளாச்சி சாலையில் மாவு ஆலை வைத்திருக்கிறார். நகரத்தில் பாதிக் கடைகளுக்கு அவருடைய பொட்டலம்தான் போகிறது. நான் காலையில் ஊற்றி வைத்திருந்த அண்டா மாவின் மேல் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பேச்சுக் கொடுத்தபடி காத்திருந்தார். பச்சை வந்ததும் மூடியைத் தூக்கி, முகத்தை அண்டாவுக்குள் விட்டார்.

"கரெக்டுங்க. எங்க வீட்டம்மா மோந்து சொல்ற அதே பதம்" என்றார்.

அவருடைய ஆலையில் எந்த அண்டாவை எப்போது குளிர் அறைக்கு மாற்றுவது என்பதை அவருடைய மனைவி பூங்கொடி முகர்ந்து பார்த்துத்தான் சொல்வாராம். கம்பெனி தொடங்கிய நாள் முதல் அப்படித்தான். "அவ மூக்குதான் எங்க கம்பெனி. அவளுக்குச் சளி பிடிச்சா எங்களுக்கு லீவுதான்" என்று சிரித்தார். நாளைக் காலை மனைவியை அழைத்து வருவதாகவும், அவர் சரி என்றால் அண்டாவுக்கு ஒன்றாக வாங்கிக்கொள்வதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா தூணில் சாய்ந்துகொண்டார். ஓசூரைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவில்லை.

நாளைக்கென்று புது மாவை அண்டாவில் ஊற்றிப் பெரிய மூடியைப் போட்டேன். அரங்கின் குளிருக்குக் காலையில் அவர்கள் வரும்போது பச்சை வர வேண்டும், கணக்குப் போட்டுத்தான் ஊற்றினேன். ஜரீனாவுக்குத் தட்டிகளைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தபோது அப்பா மூடியைச் சரியாக அழுத்தி வைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

ஜூன் 14, சனி

எழுத ஒன்றும் இல்லை. புதுச் செருப்பு குதிகாலைக் கடித்துவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

அப்பா குளிக்கிறார். கிளம்புவதற்கு முன் எழுதிவிட வேண்டும். நேற்றை இங்கேகூட வைக்க முடியாவிட்டால் வேறு எங்கே வைப்பது?

நேற்றுக் காலை நான் தனியாகத்தான் இருந்தேன். அப்பாவுக்குப் பட்டறையில் அவசர வேலை, மாலையில் வருவதாகச் சொல்லியிருந்தார். நான் போனபோது மூடியில் மஞ்சள் விளக்கு. சற்று ஏமாற்றம்தான், ஆனால் குளிரில் தாமதமாகிறது என்று நினைத்துக்கொண்டேன். மக்கள் வந்தார்கள். மேஜைக்கு அருகே வந்ததும் சட்டென்று திரும்பிப் போனார்கள். ஒரு அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். வடையின் எண்ணெய்ப் புகை அவருக்கு ஆகவில்லை போல என்று எண்ணினேன். ஜரீனா இரண்டு முறை எங்கள் கடைப் பக்கம் வந்து காற்றில் எதையோ தெளித்துவிட்டுப் போனாள். நான் நன்றி என்றேன். எதற்கு என்று தெரியாமலே சொன்னேன்.

தனசேகர் மனைவியுடன் வந்தார். பூங்கொடி நல்ல உயரம், கையில் பை, முகத்தில் சிரிப்பில்லை. உன் மூக்குக்குப் பதில் ஒரு மூடி வாங்கப் போகிறேன் என்று கணவர் சொல்லி அழைத்து வந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வரும்? நான் மனப்பாடம் செய்ததையெல்லாம் சொன்னேன். பிறகு, இன்னும் மஞ்சள்தான், மாவு பொங்கவே இல்லை பாருங்கள் என்று மூடியைத் திறந்து காட்டினேன். மாவு மட்டமாகத்தான் கிடந்தது.

தனசேகர் பின்னால் நகர்ந்தார். பூங்கொடி நகரவில்லை. அண்டாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அம்மிணி, நீ கொஞ்சம் மோந்து பாரு" என்றார்.

குனிந்தேன். மூச்சை உள்ளே இழுத்தேன். நிமிர்ந்து, தலையை ஆட்டி, "லேசாத்தாங்க புளிச்சிருக்கு" என்றேன்.

"லேசாவா?" கணவர் பக்கம் திரும்பினார். "இது பொங்கி அடங்கி ராத்திரியே கெட்டுப்போன மாவு. இதைப் பொங்கலீன்னு மெஷினும் சொல்லுது, செஞ்ச புள்ளையும் சொல்லுது. வாங்க போலாம்."

அவர்கள் போன பிறகுதான் அண்டாவின் உட்சுவரைப் பார்த்தேன். மேலே, விளிம்புக்குச் சற்றுக் கீழே, மாவு ஏறி இறங்கிய தடம் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. யார் கண்ணிலும் படும். விளக்கையே பார்த்துக்கொண்டிருந்த என் கண்ணில் மட்டும் படவில்லை. ஜரீனா வந்து அண்டாவை மூடினாள். "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களுக்கு வாடையே தெரியலையா?" என்று கேட்டாள்.

சளி என்றேன்.

சளி இல்லை. போன வருடக் காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு எந்த வாசனையும் தெரிவதில்லை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இங்கே எழுதியதும் இல்லை. நாக்குக்குப் புளிப்பும் உப்பும் தெரிகின்றன. புளித்ததற்கும் கெட்டதற்கும் உள்ள வித்தியாசம் மூக்குக்குத்தான் தெரியும். அதனால்தான் தெரு முழுக்கக் கெட்ட மாவைக் கொடுத்தேன். அதனால்தான் மூடி செய்தேன். சொன்னால் என்ன என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. முதலில் தானாக வந்துவிடும் என்று காத்திருந்தேன். பிறகு மறைப்பது பழகிவிட்டது. யாராவது மணக்கிறது என்றால் ஆமாம் என்பேன், நாறுகிறது என்றால் முகத்தைச் சுளிப்பேன். எல்லாரையும் ஒரு நொடி பின்னால் நின்று பார்த்து, அவர்கள் முகத்தை என் முகத்தில் போட்டுக்கொள்வேன். நேற்று பார்த்துப் போட்டுக்கொள்ள எனக்கு முன்னால் ஒரு முகம் இல்லை. பூங்கொடியின் முகம் எதையும் காட்டவில்லை.

மாலையில் அப்பா வந்ததும் மெஷின் பழுது என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்கு வந்து பெரிய மூடியைக் கவிழ்த்தேன். உட்பக்கத் துளைகளின் மேல் காய்ந்த சந்தனம். நடுவில் குங்குமம். விரல் நுனி அளவுக்கு அழகான வட்டப் பொட்டு. ஒரு துளைகூட மிச்சமில்லை. சிறிய மூடிகளிலும் அப்படியே. ஆவி உள்ளே போகவே இல்லை, சென்சாருக்கு எதுவும் தெரியவில்லை. எனக்குத் தெரியாதது போலவே. இரவில் அரங்கின் குளிர்சாதனத்தை நிறுத்திவிடுவார்கள் என்பதும் என் கணக்கில் இல்லை.

குண்டூசியால் துளைகளைக் குத்திக்கொண்டிருந்தபோது அப்பா பின்னால் வந்து நின்றார்.

"நீ மேல வெக்கக்கூடாதுன்னு சொன்னே. அதான் உள்ளே வெச்சேன். யார் கண்ணுக்கும் படாதுன்னு" என்றார். கொஞ்சம் கழித்து, "அவங்ககிட்டச் சொல்லிரு, எங்கப்பன் பண்ணின வேலைன்னு" என்றார்.

இல்லை, துளைகளை அப்படித் திறந்து வைத்தது என் தவறு, ஒரு வலையாவது வைத்திருக்க வேண்டும் என்றேன். அது உண்மையும்தான். பிறகு இருவரும் கேட்க விரும்பாத அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். மெஷின் சொல்லாவிட்டால் என்ன, உனக்குத் தெரிந்திருக்குமே என்று எந்தத் தகப்பனும் கேட்பான். அவர் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் தாங்கவில்லை.

"எனக்கு எதுவும் மோப்பம் தெரியறதில்லப்பா" என்றேன்.

"தெரியும் சாமி."

மார்கழியில் ஒரு நாள் பட்டறையிலிருந்து வந்தபோது வீடெல்லாம் கேஸ் வாடையாம். அடுப்புக் குமிழ் திறந்து கிடந்திருக்கிறது. நான் சமையலறை வாசல்படியில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தேனாம். அவர் என்னைத் தாண்டிப் போய் அதை மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, காற்று வரட்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். எனக்கு அந்த நாளே நினைவில்லை. ஜன்னலைத் திறந்தது மட்டும் நினைவிருக்கிறது. குளிர்கிறது என்று சலித்துக்கொண்டேன்.

ஏன் கேட்கவில்லை என்றேன். "நீயா சொல்லுவேன்னு இருந்தேன்" என்றார்.

குளித்துவிட்டார். கூப்பிடுகிறார்.

ஜூன் 16, திங்கள்

கடைசி நாள். நேற்றும் இன்றும் மூடி சரியாக வேலை செய்தது, பச்சை வந்தது, அப்பா வருகிறவர்களுக்கெல்லாம் சத்தமாக விளக்கினார். சிலர் முகவரிச் சீட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். ஆர்டர் இல்லை. தனசேகருக்குத் தொலைபேசியில் பேசினேன். மரியாதையாகத்தான் பேசினார். வீட்டம்மாவுக்கு இஷ்டமில்லை என்றார்.

மதியம் ஜரீனா, அதே ஆலைக்கு ஒரு மெஷின் இறக்க மாலையில் வண்டி போகிறது என்றாள். "வர்றீங்களா? முன்னாடி சீட்டுல இடமிருக்கு. நான் கூட்டிட்டு வந்தேன்னு மட்டும் சொல்லிராதீங்க, எங்க முதலாளி என்னைப் பொட்டலத்துல வெச்சு ஒட்டிருவாரு."

கட்டி வைப்பதை அப்பாவிடம் விட்டுவிட்டு, பெரிய மூடியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் இறங்கிவிடலாமா என்று இருந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் கதவின் கைப்பிடியைத் தொட்டேன்.

பூங்கொடி ஆலைக்குள் அண்டாக்களின் நடுவே நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "மறுபடியுமா?" என்றார். நான் ஒரே மூச்சில் சொன்னேன். வண்டியில் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை.

"எனக்கு மூக்கு வேலை செய்யாதுங்க. காய்ச்சல்ல போயிருச்சு. முந்தாநாள் உங்க முன்னாடி மோந்த மாதிரி நடிச்சேன். மெஷின்ல துவாரம் அடைச்சிருந்தது, அது வேற. ஆனா நான் சொன்னது பொய்."

மாவு அள்ளிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பூங்கொடி இடுப்பில் கை வைத்தார்.

"மூக்கில்லாத புள்ள மாவுக்கு மெஷின் கண்டுபிடிச்சுதாக்கும்" என்றார். பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "பால் திரிஞ்சா எப்படிக் கண்டுபிடிப்பே?"

காய்ச்சிப் பார்ப்பேன் என்றேன்.

"கொழம்பு அடிப்பிடிச்சா?"

பக்கத்திலேயே நிற்பேன் என்றேன்.

"மாவுக்கு மட்டும் மூடி செஞ்சுட்டே." ஓர் அண்டாவைக் காட்டினார். "சரி, அந்த அண்டா மேல போடு, பாக்கலாம்."

போட்டேன். காத்திருந்தோம். பச்சை வந்தது. அவர் மூடியைத் தூக்கி முகர்ந்தார். இல்லை என்று தலையை ஆட்டினார். இன்னும் கொஞ்சம் விட வேண்டும், இதை இப்போது எடுத்தால் தோசைக்குத்தான் ஆகும் என்றார். ஆனால் அவர் குரலில் வெற்றி இல்லை, வேலை தெரிந்தவரின் கண்டிப்புதான் இருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் இத்தனை நாளும் அம்மாவின் பழைய வாடிக்கைக்காரர்கள் எதைத் திருப்பித் தரவில்லையோ அதை வைத்துப் பச்சையை அமைத்திருக்கிறேன். இங்கே பதம் என்றால் தனசேகர் கரெக்ட் என்றது அல்ல, இந்த அம்மாளின் பதம். மூடியின் பக்கத்தில் இருக்கும் சிறு திருகைக் காட்டினேன். நீங்கள் சொல்லும் இடத்தில் பச்சை வருகிற மாதிரி வைத்துக்கொள்ளலாம், எனக்கு அந்த இடம் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றேன்.

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டார். திருகைத் திருப்பினேன், பச்சை மஞ்சளானது. அதிகமாகத் திருப்பிவிட்டேன். அவர் "இப்ப" என்றபோது பச்சை வரவில்லை. அடுத்த அண்டாவில் மறுபடி வைத்தோம். அதற்குள் ஜரீனா மெஷினை இறக்கிவிட்டு, ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து அவளும் உட்கார்ந்துவிட்டாள். இந்த முறை பூங்கொடி வாயைத் திறப்பதற்கும் விளக்கு மாறுவதற்கும் இடைவெளி இருக்கவில்லை.

அவர் மகிழ்ந்த மாதிரித் தெரியவில்லை. விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, அலுவலக அறையில் இருந்த கணவருக்குக் கேட்காமல், என்னைக் கேட்டார்:

"இது இருந்தா நான் ஒரு நாள் வெளியூர் போலாமா?"

மகளைத் திண்டுக்கல்லில் கொடுத்திருக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லையாம். போனால் மாலையே திரும்பிவிட வேண்டும், விடியற்காலையில் அண்டாக்கள் காத்திருக்கும். மகள் கோபித்துக்கொண்டு இப்போதெல்லாம் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள்.

போகலாம் என்று உடனே சொல்லியிருக்கலாம். ஆர்டர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. "ஒரு தடவை போய்ப் பாருங்க. அன்னிக்கு நான் வந்து இங்க உக்காந்துக்கறேன். சரியா வந்தா அப்புறம் வாங்கிக்குங்க" என்றேன்.

"நீ உக்காந்து என்ன பண்ணுவே? உனக்குத்தான் மூக்கில்லையே" என்றார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வா என்றும் சொன்னார்.

ஜூன் 18, புதன்

எஃகு வலை வாங்கித் துளைகளுக்கு மேல் பொருத்தினேன். ஒரு வேலையிலும் உட்கார முடியவில்லை. எழுந்து நடக்கிறேன், கையில் ஸ்பேனரோடு சமையலறைக்குப் போகிறேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்புகிறேன்.

ஜூன் 20, வெள்ளி

அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். நீண்ட நேரம் அழுதாள். பிறகு, நான் பெங்களூர் வருவதற்கு முன் அங்கே பண்ணிய மீன் குழம்பை நல்லா இருக்கு என்றாயே, அதுவும் பொய்யா என்று கேட்டாள். காரம் நன்றாக இருந்தது என்றேன். சிரித்துவிட்டாள்.

ஜூன் 22, ஞாயிறு

பூங்கொடி நேற்று மாலை திண்டுக்கல் போனார். போகிற வரை நம்பவில்லை. பேருந்தில் ஏறிய பிறகும் இரண்டு முறை கூப்பிட்டு, சுவரோரத்து அண்டா சீக்கிரம் பொங்கும், மறந்துவிடாதே என்றார்.

விடியற்காலையில் அப்பா என்னை ஆலை வாசலில் இறக்கிவிட்டார். உள்ளே வரட்டுமா என்று கேட்டார். அவருடைய மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது, அதைத்தான் உள்ளே கொண்டுவரக் கேட்கிறார் என்று புரிந்தது. வேண்டாம் என்றேன். போய்விட்டார். தெருமுனை வரை மெதுவாகத்தான் போனார்.

எங்களிடம் அண்டா அளவுக்கு ஒரு மூடிதான் இருக்கிறது. அதனால் ஒவ்வொன்றாகத்தான் பார்க்க முடியும். அதை வைத்துப் பூங்கொடி வரிசை போட்டுக் கொடுத்திருந்தார். முதல் அண்டாவில் மூடியைப் போட்டேன். மஞ்சள். தனசேகர் அலுவலக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தானும் முகர்ந்து பார்க்கக் கூடாது என்று மனைவி சத்தியம் வாங்கியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. வேலை செய்யும் பெண்கள் எட்டி நின்றார்கள். அவர்களுக்கு அள்ளவும் அடைக்கவும் தெரியும், பதம் சொல்வது அவர்கள் வேலை இல்லை. இத்தனை வருடத்தில் ஒருத்திகூடச் சொன்னதில்லை. தவறினால் கடைகளிலிருந்து எல்லாம் திரும்பி வரும்.

வேன் ஓட்டுநர் வந்து வாசலில் நின்றார். நேரமாகிறது என்று அவர் சொல்லவில்லை, சாவியைக் கையில் குலுக்கினார்.

மாவு நடுவில் மேடாக எழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். திறந்து பார்த்தால் கண்ணாவது ஏதாவது சொல்லும். திறக்கத்தான் கை போனது. திறந்தால் எழுந்த ஆவி போய்விடும், மறுபடி சேரும் வரை விளக்கு பொய் சொல்லும். கையை மடியில் வைத்துக்கொண்டேன். கூட்டமில்லாத ஒரு ரயில் நிலையத்தில் வண்டி வருமா என்று உட்கார்ந்திருப்பது போல இருந்தது. வேறு எதுவும் நினைக்க முடியவில்லை. படித்த எதுவும் உதவிக்கு வரவில்லை.

பச்சை வந்தது.

யாரும் அசையவில்லை. அள்ளும் பெண்களில் மூத்தவர் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அம்மா எப்பவும் குனிஞ்சு மோந்து பாத்துட்டுத்தான் சொல்வாங்க. நீங்களும் ஒருக்கா பாத்துருங்க அம்மிணி" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு அது ஒரு முறை, செய்தால்தான் அள்ளத் தொடங்க முடியும். எல்லாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குனிந்து, ஒரு மூச்சு இழுத்து, தலையை ஆட்டினால் போதும். எனக்கு நன்றாகவே வரும்.

"எனக்குத் தெரியாதுங்க. மூடி சொல்லிருச்சு. எடுத்துருங்க" என்றேன்.

அவர் மூடியைக் கீழே வைத்தார். பிறகு அகப்பையை எடுத்தார்.

மற்ற அண்டாக்களும் அப்படியே போயின. ஒன்றில் மட்டும் பச்சைக்கு அதிக நேரம் பிடித்தது. காத்திருந்தோம், ஓட்டுநர் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். வெயில் ஏறியபோது வேன் கிளம்பியது.

வீட்டுக்கு வந்ததும் சாப்பிடவில்லை. கடைகளிலிருந்து ஏதாவது செய்தி வந்தால் மாலையில்தான் வரும் என்று தனசேகர் சொல்லியிருக்கிறார். பூங்கொடி கூப்பிடவில்லை. மகளோடு இருக்கிறார் போல. அப்பா பட்டறையைத் திறந்துவிட்டார், ஞாயிற்றுக்கிழமையிலும். தகடு அறுக்கும் சத்தம் இங்கே வரை கேட்கிறது. அண்டா அளவுக்குத்தான் அறுக்கிறார், கேட்டாலே தெரிகிறது.

ஓசூருக்கு இப்போதுதான் எழுதி அனுப்பினேன், வரவில்லை என்று. மாலை ஆக இன்னும் வெகுநேரம் இருக்கிறது.